அது கஞ்சத்தனமன்று, நோய்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நலப்பணிக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



பைத்துல்மால் வரவு செலவும் மருத்துவ உதவிக் கணக்கும் அச்சிட்டுத் தங்கள் கைகளில் வழங்கப்பட்டுள்ளன. அவற்றை மீண்டும் வாசிக்கப் போவதில்லை. கணக்கில் ஏறாத எங்கள் பிழையொன்றைச் சொல்லவே இங்கு நிற்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ரமளானுக்கு முந்திய வாரத்தில், தனித்து வாழும் மூதாட்டி ஒருவரின் வீட்டைத் துப்புரவு செய்யச் சென்றோம். வாசற்படி முதல் அடுப்படி வரை பழைய நாளிதழ்கள், காலிப் புட்டிகள், பிளாஸ்டிக் பைகள், கிழிந்த பாய்கள், மூடியில்லாத டப்பாக்கள். கட்டிலிலும் பொருள்களே கிடந்தன. அவர் உறங்கியதோ கதவோரத்தில் ஒரு முழ இடத்தில். வெளியூரிலிருந்த மகனின் சம்மதம் பெற்று, அவரை உறவினர் இல்லத்திற்கு அனுப்பிவிட்டு, ஒரே நாளில் மூன்று டிராக்டர் சுமையை அகற்றிச் சுவருக்குச் சுண்ணாம்பும் பூசினோம். திரும்பி வந்தவர் எங்களுக்காக துஆச் செய்வார் என்று எதிர்பார்த்தோம். அவரோ வெறுமையான கூடத்தின் நடுவே அமர்ந்து, மர்ஹூம் கணவர் கைப்பட எழுதிய கணக்குச் சீட்டை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டார். எங்களிடம் விடையில்லை. அதன்பின் எங்களுக்கு அவர் கதவைத் திறக்கவில்லை. ஓராண்டிற்குள் வீடு முன்போலவே நிரம்பிற்று.

விலையேற்றம் கருதிச் சரக்கைப் பதுக்குவதை மார்க்கம் தடுத்திருக்கிறது, வீண்விரயத்தையும் கண்டித்திருக்கிறது. அவ்விரண்டையும் எடுத்துச் சொல்லி அவருக்கு உபதேசமும் செய்திருந்தோம். இரண்டுமே அவருக்குப் பொருந்தாதவை என்பதை ஒரு மனநல மருத்துவரிடம் சென்று கேட்ட பின்னரே அறிந்தோம்.

இதனை ஆங்கில மருத்துவத்தில் ஹோர்டிங் டிஸ்ஆர்டர் என்கின்றனர். பொருள் குவிக்கும் நோய் என்று நாம் சொல்லலாம். நெடுங்காலம் ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் ஒரு கூறாகவே இது கருதப்பட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ஆம் ஆண்டு வெளியிட்ட கையேட்டில் தனி நோயாக இடம்பெற்றது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது.

ஊறுகாய்க்கு உதவுமென்று ஹார்லிக்ஸ் புட்டியைக் கழுவி வைக்கும் நம் வீட்டுப் பெண்கள் இக்கணக்கில் வரமாட்டார்கள், அஞ்ச வேண்டாம். பொருளின் மதிப்பு எதுவாயினும் அதைக் கைவிட இயலாமை, கைவிட நினைத்தாலே எழும் தாளாத மனவேதனை, அதனால் சமைக்குமிடமும் படுக்குமிடமும் பயன்படாது போதல், இவை சேர்ந்தாலே நோய். முடிவெடுப்பதே இவர்களுக்குப் பெரும் சுமை. 2012-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், காகிதங்களைக் காட்டி, வைத்துக்கொள்வதா கிழித்தெறிவதா என்று கேட்டு மூளையைப் படமெடுத்தனர். பிறருடைய காகிதம் என்றபோது இந்நோயாளிகளின் மூளையின் சில பகுதிகள் மற்றவர்களைவிட அடங்கியே இருந்தன. தம்முடையது என்றபோதோ அதே பகுதிகள் அளவுக்கு மீறிக் கொதித்தெழுந்தன. சோம்பலென்று நாம் ஏசுவது எத்துணை அறியாமை!

இதன் கொடுமைக்கு நியூயார்க் நகரின் காலியர் சகோதரர்களைச் சான்றாகச் சொல்வார்கள். ஹார்லெம் பகுதியில் வசித்த ஹோமர், லாங்லி என்னும் இருவரும் கல்வியும் செல்வமும் உடையவர்கள். மூத்தவர் ஹோமர் பார்வையிழந்தார். என்றேனும் அண்ணனுக்குப் பார்வை திரும்பினால் படிக்கட்டுமென்று லாங்லி ஆண்டுக்கணக்கில் நாளிதழ்களைச் சேர்த்தார். 1947 மார்ச் மாதம் ஹோமர் பட்டினியால் மாண்டு கிடந்ததைக் காவலர்கள் கண்டனர். லாங்லியை ஊரெங்கும் தேடினர். ஏப்ரலில் அவருடைய உடல், அண்ணன் கிடந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 10 அடி தொலைவிலேயே அகப்பட்டது. திருடருக்கென்று தாமே அமைத்த பொறியில், தாமே குவித்த சுமைகளுக்கடியில் அவர் சிக்கியிருந்தார். அவ்வீட்டிலிருந்து 100 டன்னுக்கும் மேற்பட்ட பொருள்கள் அகற்றப்பட்டன. அந்த நாளிதழ்களைக் குப்பை என்று சொல்ல நமக்கு நா எழுமா?

சிகிச்சை உண்டு, ஆனால் விரைவில் முடிவதன்று. இந்நோய்க்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இல்லை. உடன் மனச்சோர்வு இருந்தால் அதற்கு மருந்து தருவர். முதுமையில் திடீரெனத் தோன்றினால் மறதி நோயா என்றும் பரிசோதிக்க வேண்டும். முதன்மையான வழி, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் உளவியல் பயிற்சியே. ராண்டி ஃப்ராஸ்ட், கெய்ல் ஸ்டெக்கெட்டி ஆகிய அமெரிக்க அறிஞர்கள் இந்நோய்க்கேற்ப அதனை வகுத்தனர். நோயாளியே தம் கையால் ஒவ்வொன்றாய் எடுத்து, வைப்பதா விடுவதா என்று தாமே முடிவு செய்ய வேண்டும். விட்ட பின் எழும் வேதனை சிறிது நேரத்தில் தணிவதை அவரே உணர வேண்டும். புதியன வாங்காதிருக்கவும் பழக வேண்டும். பிறர் புகுந்து அள்ளிச் செல்வது, நாங்கள் கண்டது போல, நம்பிக்கையை அழித்து நோயை வளர்க்கும். தீ விபத்து அச்சம் போன்ற அவசரமிருப்பின் அடுப்பைச் சுற்றியும் வெளியேறும் வழியிலும் மட்டும், அவர் கண்ணெதிரில், அவர் இசைவோடு ஒதுக்கலாம்.

சென்ற ஆண்டு அம்மூதாட்டியின் மகனை அழைத்துக்கொண்டு சென்று மன்னிப்புக் கேட்டோம். மூன்றாம் முறை போனபோதுதான் கதவு திறந்தது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவின் ஆலோசனைப்படி, மகளிரணியைச் சேர்ந்த இருவர் வாரம் ஒரு மணி நேரம் சென்று அருகில் அமர்கின்றனர். அவர் நீட்டுவதை மட்டும் வாங்கிக்கொள்கின்றனர். ஒரு நாள் நான்கு பைகள், ஒரு நாள் ஒன்றுமில்லை. ஏழு மாதத்தில் அடுப்படியும் வாசல் வரையிலான நடைவழியும் தெளிந்துள்ளன. கணவரின் உடைமைகள் உள்ள அறை அப்படியே இருக்கிறது. அதை எவரும் தொடுவதில்லை.

இத்தகையோர் தங்கள் தெருவிலிருந்தால் துப்புரவுக்கு ஆள் அனுப்பாமல் முதலில் எங்களிடம் சொல்லுங்கள். ஒன்றிய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் கட்டணமில்லா எண்ணிலும் தமிழில் பேசி ஆலோசனை பெறலாம்.