கடன் கொடுத்தாயிற்று, கணக்கு யார் சொல்லித் தருவது?



இந்த மண்டபத்தில் நரைத்த தலைகள் நிறையத் தெரிவதால் ஒரு பழைய கதையைத் தைரியமாகச் சொல்லலாம். எஸ்.டி.டி. பூத் ஞாபகம் இருக்கிறதா? மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, ராத்திரி கட்டணம் குறையட்டும் என்று வாசலில் காத்துக்கிடக்கும் கூட்டம். அந்த பூத்களை ஒதுக்கும்போது அரசு மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை கொடுத்தது. நல்ல காரியம். எத்தனையோ வீடுகளில் அந்த மீட்டரை நம்பித்தான் உலை கொதித்தது. அப்புறம் ஆளுக்கொரு செல்போன் வந்தது; பூத் படுத்துவிட்டது. ஜெராக்ஸ் மெஷின் வாங்கிப் போட்டவர், ரீசார்ஜுக்கு மாறியவர் தப்பித்தார். மற்றவர் ஷட்டரை இறக்கினார். இருவருக்கும் என்ன வித்தியாசம்? உடம்பில் ஒன்றுமில்லை ஐயா. “அண்ணே, இது ரொம்ப நாள் தாங்காது, அடுத்ததைப் பாருங்க” என்று சொல்ல ஒருவருக்கு ஆள் இருந்தது, இன்னொருவருக்கு இல்லை.

இன்றைக்கும் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மாற்றுத்திறனாளி 5 சதவீதம் கைப்பணம் போட்டால் போதும். கிராமத்தில் 35 சதவீதம், நகரத்தில் 25 சதவீதம் மானியம். 1997இல் தொடங்கிய மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் நிதிக் கழகம் குறைந்த வட்டிக்குக் கடன் தருகிறது. பயிற்சி வகுப்பு உண்டு, சான்றிதழ் உண்டு, போட்டோவும் உண்டு! ஆனால் கடை திறந்த ஆறாவது மாதம், சரக்கு தேங்கி, கடன் சொன்னவர் கண்ணில் படாமல் சுற்றி, தவணைத் தேதி நெருங்கும்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

நம் ஊரில் ஒரு சகோதரி, போலியோவால் கால் பாதிக்கப்பட்டவர், முறுக்கும் தட்டையும் போட்டு மளிகைக் கடைகளுக்குக் கொடுக்கிறார். மாவு, எண்ணெய், கேஸ், கவர் எல்லாம் கூட்டி, மேலே கொஞ்சம் லாபம் வைத்து விலை போட்டார். வியாபாரம் ஓடியது, மாதக் கடைசியில் கையில் காசில்லை. நம் வணிகர் சங்க உறுப்பினர் ஒருவர் நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, “சரக்கு கடைக்கு எப்படிம்மா போகுது?” என்று கேட்டார். ஆட்டோவில்! மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறிவிடுவார்கள்; அவரால் ஏற முடியாது. அந்த வாடகை கணக்கிலேயே இல்லை. “அது என் கஷ்டம்ணே, அதை வாங்குறவங்க தலையில எப்படிக் கட்டுறது?” என்றாராம். நம் ஆள் விலையை ஏற்றச் சொல்லவில்லை. தினமும் போன ஆட்டோவை வாரம் இரண்டு நடையாக்கினார். ஆட்டோ வாடகையைத் தனி வரியாக எழுத வைத்தார். இன்று அந்த நோட்டில் மிச்சம் தெரிகிறது.

சரக்கு எப்படிப் போகிறது என்ற அந்தக் கேள்வி எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்தவருக்குத்தான் வரும்.

பெரிய தொழிலுக்கும் இப்படிப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். தொழிலதிபர் ஸ்ரீகாந்த் பொல்லா கதையை 2024இல் இந்திப் படமாகவே எடுத்துவிட்டார்கள். பிறவியிலேயே பார்வையற்றவர், எம்.ஐ.டி.யில் படித்தவர், 2012இல் ஹைதராபாத்தில் பொல்லான்ட் நிறுவனத்தைத் தொடங்கியவர். எல்லோரும் அவருக்குக் கை தட்டுகிறோம், தட்டவும் வேண்டும். ஆனால் ரவி மந்தா என்ற முதலீட்டாளர் பணத்தோடு வழிகாட்டுதலையும் கொடுத்தாரே, அவரைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறோம்? வியாபாரிகளாகிய நமக்கு அந்தப் பாத்திரம்தான் முக்கியம்.

வழிகாட்டப் போகிறவரும் சிலது கற்க வேண்டியிருக்கும். பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் பார்வையற்ற கடைக்காரருக்குப் பெரிய துணை, அவருக்காகச் செய்யாவிட்டாலும். அதே மனிதர் போனில் வங்கிக் கணக்கு தொடங்கப் போனால், கேமரா முன் கண்ணைச் சிமிட்டு என்கிறது செயலி! இந்த இணையவழிச் சரிபார்ப்பை மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏற்றபடி மாற்றச் சொல்லி 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது. வழிகாட்டுகிறவருக்கு வங்கி மேலாளரிடம் இதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, தயவுசெய்து இரக்கப்பட்டுக்கொண்டு போகாதீர்கள். பாவம் என்று வாங்குகிறவர் ஒரு தடவைதான் வாங்குவார். முறுக்கு மொறுமொறுவென்று இருந்தால்தான் மறுபடி வருவார். உப்பு கூடினால் கூடிவிட்டது என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். உங்கள் பிள்ளை கல்லாவில் உட்கார்ந்தால் எப்படிக் கண்டிப்பீர்களோ, அப்படியே கண்டியுங்கள்.

வாசலில் மேசை மேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். நன்கொடை எழுத அல்ல. உங்கள் பெயர், தொழில், வழிகாட்ட மாதத்தில் எந்த நாள் இரண்டு மணி நேரம் ஒதுக்குவீர்கள், அவ்வளவுதான். நீங்கள் வழிகாட்டும் மாற்றுத்திறனாளியை உங்கள் மாடி ஆபீசுக்கு வரச் சொல்லாதீர்கள். நீங்கள் அவர் கடைக்குப் போங்கள். முன்வரிசையில் இருக்கும் மாற்றுத்திறனாளித் தொழில்முனைவு நண்பர்களே, உங்களில் தொழிலில் காலூன்றிவிட்டவர்களும் அதே நோட்டில் எழுத வேண்டும், கற்றுக்கொள்பவராக அல்ல, வழிகாட்டியாக. சாப்பாட்டுக்குப் போகும் முன் எழுதிவிட்டுப் போங்கள்.