அளவுகோலும் அனுபவமும்
(சமூக அறிவியல் ஆய்வின் அடிப்படை நோக்குகள்)



சமூகத்தை ஆராயப் புகுபவர் வெறுங்கண்ணோடு களத்திற்குச் செல்வதில்லை. எதனைக் காண வேண்டும், எதனைச் சான்றாகக் கொள்ள வேண்டும் என்பவற்றை முன்னரே வரையறுக்கும் கருத்துச் சட்டகம் ஒன்று அவருடன் செல்கிறது. தாமஸ் கூன் 1962இல் வெளியிட்ட 'அறிவியல் புரட்சிகளின் கட்டமைப்பு' என்னும் நூலுக்குப் பின்னரே இவ்வுண்மை பரவலாகப் பேசப்பட்டது.

சமூக அறிவியலில் மூன்று நோக்குகள் தலையாயவை. சமூக நிகழ்வுகளைப் பொருள்களைப் போலப் புறத்தே நிறுத்தி ஆராய வேண்டும் என்றார் எமில் துர்கைம். செயலுக்கு அதனைச் செய்பவர் கொள்ளும் பொருளை உணராமல் அச்செயலை விளக்க இயலாது என்றார் மாக்ஸ் வேபர். உழைப்பும் உடைமையும் பிரிந்து நிற்பதனால் எழும் முரண்பாட்டில் சமூக இயக்கத்தைக் கண்டார் கார்ல் மார்க்ஸ்.

இவற்றுள் எது சரி என்று வழக்காடுவது எளிது. களம் அவ்வழக்கை எவ்வாறு தீர்க்கிறது என்பதற்கு ஆஸ்திரியாவின் மரியந்தால் சிற்றூர் சான்றாகும். ஊரே நம்பியிருந்த துணி ஆலை மூடப்பட்டபின், மேரி ஜஹோடா, பால் லசார்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அங்கு நிகழ்த்திய ஆய்வு 1933இல் நூலாயிற்று. வேலையின்மை மக்களைக் கிளர்ந்தெழச் செய்யுமா, முடக்கிப்போடுமா என்பதே அந்நாளைய பெருவினா.

அவர்கள் எண்ணினார்கள், செவியும் கொடுத்தார்கள். கட்டணம் நீக்கப்பட்ட பின்னும் நூலகத்தில் இரவல் பெற்ற நூல்களின் தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. ஓய்வு பெருகியது, படிப்புச் சுருங்கியது. தெருவில் நடப்போரின் வேகத்தையும் அளந்தனர். ஆடவர் மெல்ல நடந்தனர், அடிக்கடி நின்றனர். அவருள் பலர் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டிருந்தனர். பகற்பொழுது எவ்வாறு கழிந்தது என்று வினவியபோது விடை கூறத் திணறினர். பெண்டிர்க்கோ சமையலும் துவைப்பும் பிள்ளை வளர்ப்பும் ஓயவில்லை, கூலிதான் நின்றது.

நடையின் வேகம் துர்கைமின் வழியில் கிடைத்த அளவு. பொழுது பொருளிழந்தமை வேபரின் வழியில் கிடைத்த உணர்வு. ஆலை மூடப்பட்டமை மார்க்ஸ் சுட்டிய காரணத்தின்பால் நம்மை இட்டுச் செல்கிறது. ஒன்றை நீக்கினால் மற்றவை குறைபடும். எண்ணிக்கை மட்டும் இருந்திருப்பின், அது மந்த நடை. உரையாடல் மட்டும் இருந்திருப்பின், அது தனியொருவர் புலம்பல்.

கிளர்ச்சியை எதிர்நோக்கியோருக்கு மரியந்தால் காட்டியது பெரும்பாலும் சோர்வையே. அதனை மறையாது எழுதியதே அந்நூலின் நேர்மை. கோட்பாடு வினாவைத் தரலாம். விடையைக் களமே தரவேண்டும். கவிஞர்க்கும் இது பொருந்தும். கொள்கைக்கு இசையாத ஒரு முகம் எதிர்ப்படும்போது, முகத்தைத் திருத்தாமல் கொள்கையைத் திருத்துபவரே மெய்யான படைப்பாளர். மெய்யான ஆய்வாளரும் அவரே.