நம் வாழ்க்கைக்கு 650 சொற்கள்

(குன்றத்தூரில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் இந்தப் பகுதியைச் சேர்ந்த ஒரு தங்கை, அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பத்துக்காக எழுதிய கட்டுரையை என்னிடம் காட்டினாள். 'உங்களைப் பற்றி எழுதுங்கள்' என்பதுதான் தலைப்பு. பல கல்லூரிகளுக்கும் பொதுவாக 'காமன் ஆப்' என்றொரு விண்ணப்பம் இருக்கிறது. அதில் இந்தக் கட்டுரை 650 சொற்களைத் தாண்டக்கூடாது. அவளுடைய அம்மா தூய்மைப் பணியாளர். கட்டுரையில் 'நகராட்சியில் பணிபுரிகிறார்' என்று இருந்தது. பொய்யில்லை. "ஏம்மா இப்படி எழுதியிருக்க?" என்றேன். "அத எழுதினா சீட்டு கிடைக்குமாண்ணா, எழுதாம விட்டா கிடைக்குமா?" என்று திருப்பிக் கேட்டாள்.

எனக்கு உடனே பதில் வரவில்லை.

நம் ஊரில் பொறியியல் கலந்தாய்வுக்குப் போகிறவர்களிடம் யாரும் கதை கேட்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண், சாதிச் சான்றிதழ், அவ்வளவுதான். நுழைவுத் தேர்வையும் 2006-இல் சட்டம் போட்டு எடுத்துவிட்டோம். (மருத்துவத்தில் நீட் வந்து அதைக் குலைத்தது தனிக்கதை. பழங்குடி மாணவர்களுக்கு அந்தச் சான்றிதழை வாங்குவதே பெரும்பாடு என்பதும் உண்மை.) ஆனாலும் இட ஒதுக்கீட்டில் யாரும் நம்மை அழுது காட்டச் சொல்வதில்லை. அது உரிமை. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு நம்மேல் இரக்கம் வர வேண்டிய தேவையே இல்லை.

அமெரிக்காவில் கதை வேறு. 1920-களில் ஹார்வர்டில் யூத மாணவர்கள் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டியபோது அதன் தலைவர் லோவெல் பதறினார். மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் அவர்களைத் தடுக்க முடியாது. அதனால் 'குணம்', 'ஆளுமை' என்று பார்க்கத் தொடங்கினார்கள். புகைப்படம் கேட்டார்கள், பரிந்துரைக் கடிதம் கேட்டார்கள். ஜெரோம் கராபெல் என்ற சமூகவியலாளர் இதைப் பற்றி 2005-இல் பெரிய நூலே எழுதியிருக்கிறார். விண்ணப்பிப்பவரின் 'ஆளுமை'யை எடைபோடும் கட்டுரையும் அந்த மண்ணில் வளர்ந்ததுதான். 2023 ஜூனில் அமெரிக்க உச்சநீதிமன்றம், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவர் கட்டுரையில் எழுதினால் அதைப் பார்க்கலாம் என்றது. உரிமையை எடுத்துக்கொண்டு, கதை சொல்லிக்கொள் என்று விட்டுவிட்டார்கள்.

குன்றத்தூருக்கு இது புதிதல்ல. சேக்கிழார் பிறந்த ஊர் இது. அவருடைய பெரியபுராணத்தில் ஆதனூர்ச் சேரியில் பிறந்த நாளைப்போவார் தில்லையின் எல்லையில் உள்ளே போக முடியாமல் தயங்கி நிற்கிறார். தீயில் மூழ்கி வா என்று கனவில் இறைவனின் உத்தரவு. மூழ்கி, பூணூல் அணிந்த முனிவராக எழுந்து வந்த பிறகுதான் அவர் கோயிலுக்குள் போக முடிகிறது. பழைய உடம்போடு அனுமதி இல்லை.

என் அப்பா நாகல்கேணியில் தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர். என் முதல் விண்ணப்பத்தில் அவரைத் 'தனியார் நிறுவன ஊழியர்' ஆக்கினேன். இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு, கட்டுரை திருத்தித் தரும் ஒருவரிடம் போனேன். தோல் என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிரதர், இதுதான் உங்க ப்ளஸ். பட்டினி கிடந்தது, செருப்பில்லாம நடந்தது மாதிரி ஏதாவது இருக்கா?" எங்கள் வீட்டில் பட்டினி இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி, ரேடியோவில் இளையராஜா, அப்பாவின் சுண்ணாம்பு அரித்த கைகள். இவைதான் இருந்தன. நான் பட்டினியை எழுதினேன். அன்று இரவு அப்பா, "என்னப்பா எழுதியிருக்க, படிச்சுச் சொல்லு" என்றார். தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவன், அந்த வரியை மட்டும் தாண்டிப் போனேன். அந்த விண்ணப்பத்தை நான் அனுப்பவில்லை.

மறைப்பதும் விற்பதும் ஒரே வாசலில்தான் கொண்டுவிடுகின்றன. இரண்டிலும், கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு எது பிடிக்கும் என்று யோசித்துத்தான் எழுதுகிறோம்.

அம்பேத்கர் 1930-களில் எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலைப் படித்துப் பாருங்கள். 1901-இல் சிறுவர்கள் சிலர் நல்ல உடை உடுத்தி, அப்பாவைப் பார்க்க ரயிலில் போகிறார்கள். மசூர் நிலையத்தில் இறங்குகிறார்கள். நிலைய அதிகாரி அன்பாக விசாரிக்கிறார். மகர்கள் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறுகிறது. இரட்டை வாடகை தருகிறோம் என்றாலும் வண்டிக்காரர்கள் வர மறுக்கிறார்கள். கடைசியில் ஒருவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவர் கூட நடந்து வருவார். எவ்வளவு துல்லியம் பாருங்கள். இடம் இருக்கிறது, வாடகை இருக்கிறது, யார் என்ன செய்தார் என்பது இருக்கிறது. தன்மேல் இரக்கப்படுங்கள் என்று கேட்கும் தொனி எங்கும் இல்லை. படிக்கிறவருக்கு வண்டிக்காரரை நினைத்துத்தான் கூச்சம் வருகிறது.

ஆகவே எழுதும்போது வாக்கியத்தின் எழுவாயைப் பாருங்கள். 'நான் அவமானப்பட்டேன்' என்பதில் அவமானப்படுத்தியவர் காணாமல் போகிறார். அவரை வாக்கியத்துக்குள் கொண்டுவாருங்கள். சாதியைப் பற்றி எழுதவே பிடிக்கவில்லையா? எழுதாதீர்கள். செம்பரம்பாக்கம் ஏரியில் பறவை பார்த்ததை எழுதுங்கள், ஒரு கணக்கோடு மல்லுக்கட்டியதை எழுதுங்கள். சலிப்பூட்டும் சாதாரணக் கட்டுரை எழுதும் உரிமையும் நமக்கு உண்டு. மற்றவர்கள் காலங்காலமாக அதைத்தானே எழுதி உள்ளே போகிறார்கள்!

அந்தத் தங்கை போன வாரம் திருத்திய கட்டுரையோடு வந்தாள். அம்மா விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்புகிறார். பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு வந்த நாளில் ஒப்பந்தக்காரர் ஒருநாள் கூலியைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தொகையையும் எழுதியிருந்தாள். "இத அம்மாகிட்ட படிச்சுக் காட்டினியா?" என்றேன். "காட்டினேண்ணா. ரூபாய தப்பா போட்டிருக்கேன்னு திருத்திக் குடுத்தாங்க" என்றாள். முடிவு இன்னும் வரவில்லை.