பொத்தான் பேசியும் கண்ணாடிப் பேசியும்



கிள்ளான் வட்டாரத் தோட்டம் ஒன்றில் நடந்த ஒரு நிகழ்ச்சியோடு இன்றைய உரையைத் தொடங்குகிறேன். எங்கள் பள்ளியில் படிக்கும் பிள்ளை ஒருத்தியின் தாத்தாவுக்கு ஒருநாள் மாலை கடுமையான நெஞ்சுவலி. கிள்ளானில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிரிக்பீல்ட்சில் வேலை செய்யும் மூத்த பேரன் வந்து, இரவு துணைக்கு இருந்தான். நள்ளிரவுக்குச் சற்று முன் அவன் தன் தாயாருக்குச் செய்தி ஒன்று அனுப்பினான். தமிழ்ச் சொல்லைத்தான் எழுதினான். ஆனால் ஆங்கில எழுத்தில் எழுதினான். வி, ஏ, எல், ஐ, ஓர் இடைவெளி, பிறகு ஐ, எல், எல், ஏ, ஐ.

அவன் எண்ணியது, "வலி இல்லை." தாயார் படித்தது, "வழி இல்லை."

லயத்தில் எழுந்த அழுகுரலை நீங்களே எண்ணிப் பாருங்கள். அவனை அழைத்துப் பார்த்தார்கள். அவனுடைய பேசியில் மின்கலம் தீர்ந்துபோயிருந்தது. அண்டை வீட்டாரின் காரை எடுத்துக்கொண்டு குடும்பமே புறப்பட்டுப் போனது. அங்கே தாத்தா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தார்!

பின்னர் அந்தப் பையனிடம், "தமிழிலேயே எழுதியிருக்கலாமே, தம்பி?" என்று கேட்டேன். "தமிழில் தட்டினால் நேரம் பிடிக்கும், டீச்சர்" என்றான்.

அவன் சொன்னது உண்மையா? இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால், நம் வீடுகளுக்கு வந்த இரண்டு தலைமுறைக் கைத்தொலைபேசிகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

முதல் தலைமுறை, பொத்தான் வைத்த பேசி. அதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, பன்னிரண்டு பொத்தான் மட்டும் கொண்டது. 2 என்ற பொத்தானில் ஏ, பி, சி ஆகிய மூன்று எழுத்துகள். 5 என்ற பொத்தானில் ஜே, கே, எல் ஆகிய மூன்று எழுத்துகள். எல் வேண்டுமானால் மூன்று முறை அழுத்த வேண்டும். இன்னொன்று, ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான் வைத்த திறன்பேசி. கனடா நாட்டிலிருந்து வந்த பிளாக்பெர்ரி இந்த வகையில் பெயர் பெற்றது. கோலாலம்பூர் அலுவலகங்களில் ஒரு காலத்தில் அதைக் கையில் வைத்திருப்பதே ஒரு மதிப்பாக இருந்தது.

இரண்டாம் தலைமுறை, கண்ணாடித் திரை கொண்ட பேசி. 2007-ஆம் ஆண்டில் ஐபோன் வந்த பிறகு இந்த வகை உலகெங்கும் பரவியது. நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டின் இறுதியில் 3ஜி அலைவரிசைச் சேவை நிறுத்தப்பட்டது. பழைய பிளாக்பெர்ரி பேசிகளுக்கான சேவையை அந்த நிறுவனமே 2022 சனவரி 4-ஆம் நாள் நிறுத்திவிட்டது. ஆகவே முதல் தலைமுறைத் திறன்பேசிகளின் காலம் முடிந்துவிட்டது என்றே சொல்லலாம்.

பழையதெல்லாம் மட்டம், புதியதெல்லாம் உயர்வு என்று சொல்லிவிட வேண்டாம். பொத்தான் பேசியில் ஒரு பெரிய நன்மை இருந்தது. விரலுக்குப் பொத்தான் தட்டுப்படும். பழகியவர்கள் கண்ணால் பார்க்காமலே எழுதுவார்கள். பன்னிரண்டு பொத்தான் பேசியை ஒருமுறை மின்னேற்றினால் சில நாள்களுக்குக் கவலை இல்லை. எல்லாவற்றையும் விட, அழுத்தினால் அது கேட்கும்.

கண்ணாடித் திரை அப்படியன்று. அது விரலின் அழுத்தத்தை அறிவதில்லை. தோல் படும்போது உண்டாகும் சிறு மின் மாற்றத்தையே அறிகிறது. பல ஆண்டுகள் பால்மரம் சீவிய கையில், செம்பனைக் குலை தூக்கிய கையில், விரல்நுனி காய்த்து உலர்ந்திருக்கும். அந்த இடத்தில் மின் மாற்றம் சரியாக எட்டுவதில்லை. "எனக்கு இந்தப் போன் வராது" என்று நம் பாட்டிமார் ஒதுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். குறை அவர்களிடம் இல்லை. ஓங்கிக் குத்துவதாலும் பயனில்லை. திரையைத் துடைத்துவிட்டு, விரலைச் சற்று ஈரத் துணியில் ஒற்றி எடுத்து, நுனியால் தட்டாமல் விரலின் சதைப்பகுதியால் மெல்லத் தொடச் சொல்லுங்கள். பெரும்பாலும் பலன் கிடைக்கும்.

இனி நம் தமிழுக்கு வருவோம். முதல் தலைமுறையில் தமிழ் எழுதுவது எளிதாக இல்லை என்பது உண்மைதான். அதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன.

முதற்காரணம், செலவு. ஒரு குறுஞ்செய்தி என்பது 140 பைட்டு அளவுள்ள ஒரு சிறு பெட்டி. ஒரு பைட்டுக்கு 8 பிட். ஆக மொத்தம் 1,120 பிட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும். வகுத்துப் பாருங்கள், 160 எழுத்துகள் கொள்ளும். தமிழுக்கு 16 பிட் வேண்டும். வகுத்தால் 70 தான் வரும். அதிலும் 'லி' என்று எழுதினால், லகரத்துக்கு ஓர் இடம், மேலே உள்ள கொக்கிக்கு ஓர் இடம். அந்த எல்லையைத் தாண்டினால் இரண்டாவது செய்திக்கும் காசு. வெள்ளியை எண்ணிச் செலவு செய்யும் குடும்பம் ஆங்கில எழுத்தை நாடியதில் வியப்பில்லை.

இரண்டாம் காரணம், பொத்தானில் அச்சிட்ட எழுத்து. பொத்தானில் என்ன எழுத்து பதிந்திருக்கிறதோ அதுதான் என்றைக்கும் இருக்கும். தமிழ் எழுத்தைத் தேடினால் கிடைக்காது. எழுதி அனுப்பினாலும், பெறுகிறவருடைய பேசியில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

அந்தக் காலத்திலும் சும்மா இராமல் உழைத்தவர் ஒருவர் நம் நாட்டிலேயே இருக்கிறார். கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் அவர். கணினியில் தமிழ் எழுதுவதற்கு 1985-ஆம் ஆண்டிலேயே 'முரசு' என்ற மென்பொருளை உருவாக்கினார். அது பின்னர் 'முரசு அஞ்சல்' என்று வளர்ந்தது. கைத்தொலைபேசியில் தமிழ்ச் செய்தி எழுத 2005-ஆம் ஆண்டில் 'செல்லினம்' வந்தது. பொத்தான் பேசிக்கென்று பிறந்த அந்தச் செல்லினம் பிறகு கண்ணாடிப் பேசிகளுக்கும் வந்துவிட்டது. உலகத் தமிழர் பலர் கையில் எழுதும் கருவி ஒன்று, மலேசியத் தமிழர் ஒருவரின் உழைப்பில் விளைந்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இரண்டாம் தலைமுறையில் நிலைமை முழுவதும் மாறிவிட்டது. கண்ணாடியில் உள்ள விசைகள் அச்சிட்டவை அல்ல, வரைந்து காட்டப்படுபவை. ஒரு தொடுதலில் ஆங்கிலம் மறையும், தமிழ் தோன்றும். புலனம், அதாவது வாட்சாப் வழியாக அனுப்பும் செய்திக்கு எழுபது எழுத்துக் கணக்கும் இல்லை.

"தமிழில் 247 எழுத்துகள் இருக்கின்றனவே, அத்தனைக்கும் விசை வேண்டாமா?" என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. நாம் முதலாம் ஆண்டில் சொல்லிக்கொடுக்கும் அதே அட்டவணைதான். மெய்யின் பக்கத்தில் உயிரைத் தட்டினால் உயிர்மெய் தானே பிறக்கும். 1999-ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற 'தமிழ் 99' விசைப்பலகை இப்படித்தான் அமைந்திருக்கிறது. உயிரெழுத்துகள் இடப்புறம், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலப்புறம். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். ங-வுக்குப் பின் க வந்தாலும், ந-வுக்குப் பின் த வந்தாலும் அப்படியே. 'அம்மா' என்று எழுத நான்கே தட்டு: அ, ம, ம, ஆ.

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு விடை காண்போம். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கொண்டு வகுப்பில் எண்ணிப் பார்த்தேன். அதே செய்தி, இரண்டே சொல். பன்னிரண்டு பொத்தான் பேசியில் ஆங்கில எழுத்தால் எழுதினால் 24 அழுத்தல். ஆங்கில விசைப்பலகை முழுமையாக உள்ள பேசியில் 10. தமிழ் 99 விசைப்பலகையில் வ, ல, இ, இடைவெளி, இ, ல, ல, ஐ என்று எட்டே தட்டு! பிள்ளைகள் மறுபடியும் எண்ணினார்கள்; அதே எட்டுதான் வந்தது. தமிழுக்கு நேரம் பிடிக்கிறது என்றால், அது பழக்கக் குறையே தவிர எழுத்தின் குறை அன்று. வழி என்று எழுதவும் அதே எண்ணிக்கைதான். ஆனால் ல-வும் ழ-வும் வேறு வேறு விசை. எழுதுகிறவனே தேர்ந்து தட்ட வேண்டும். தட்டியதைக் கண்ணால் பார்த்து அனுப்ப வேண்டும். அங்கேதான் பாதுகாப்பு இருக்கிறது.

ஆங்கில விசைக்கே பழகிவிட்டவர்கள் அஞ்சல் முறையைக் கையாளலாம். ஆங்கில விசையைத் தட்டினால் திரையில் தமிழ் எழுத்து விழும். எல் தட்டினால் ல. பெரிய எல் தட்டினால் ள. இசட் தட்டினால் ழ. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

தட்டவே இயலாத பெரியவர்களுக்கு வேறு வழியும் உண்டு. திரையில் விரலால் எழுதிக் காட்டினாலும், வாயால் சொன்னாலும் எழுத்தாக்கித் தரும் வசதி இன்று இருக்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை. நாம் ழகரத்தை ளகரமாக உச்சரித்தால் கருவியும் தடுமாறும். சொல் முழுமையாகும் முன்பே அது தானாக ஒரு சொல்லை நீட்டுவதும் உண்டு. படித்துப் பார்க்காமல் அனுப்ப வேண்டாம்.

பெற்றோர்களே, புதிய பேசி வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள். பேசியின் அமைப்புப் பகுதியில் விசைப்பலகை என்ற பிரிவுக்குச் சென்று தமிழைச் சேர்க்க வேண்டும். பிறகு எழுதும் இடத்தில் உருண்டை உலகப் படம் போட்ட விசையைத் தொட்டால் மொழி மாறும். உங்களுக்குத் தெரியாவிட்டால் பிள்ளைகளைக் கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. பிள்ளைகளே, அதைச் செய்து கொடுத்துவிட்டுப் பாட்டியின் விரலைப் பிடித்து ஒரு சொல்லை எழுத வையுங்கள். அவருக்கு எழுத்துத் தெரியும். எந்தத் தொடுதலில் அது வரும் என்பது மட்டும்தான் தெரியாது.

மருத்துவமனையில் இருந்த அந்தத் தாத்தா நலமாக வீடு திரும்பினார். பேரன் தன் பேசியில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டான். மறுவாரம் தாயாருக்கு அனுப்பிய செய்தியை அவர் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். "அம்மா, சாப்பிட்டேன்" என்று இருந்தது. புள்ளி ஒன்றுகூடத் தவறவில்லை.

இன்று மாலை உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு செய்தி எழுதப்படட்டும். வேறோர் உரையில் மீண்டும் சந்திப்போம்.