இதயத்துள் செல்லும் கம்பி

நான் வைத்தியன் அல்லேன். வரலாறு கற்பித்துவரும் ஒரு பாடசாலை அதிபர். ஆயினும் இன்று இதயத்தைப் பற்றிப் பேச முன்வந்துள்ளேன். என்னுடன் பல்லாண்டு பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரே அதற்குக் காரணம். அவருடைய மார்பில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டிருந்தது. கருவியின் மேலிருந்த தோல் சிறிது சிவந்தபோது, சிறு கொப்புளந்தானே என்று வீட்டார் பற்றுப் போட்டனர். மூன்று வாரங்கள் கழிந்து, நடுக்கத்தோடு காய்ச்சல் கண்ட பின்னரே வைத்தியசாலையை நாடினர். அதற்குள் நோய்க்கிருமி கம்பி வழியே இதயத்தை எட்டியிருந்தது.

கம்பியா என்று வியக்கின்றீர்களா? பேஸ்மேக்கர் என்றதும் தோலின் கீழுள்ள சிறு பெட்டியையே நாம் எண்ணுகிறோம். அப்பெட்டியிலிருந்து புறப்படும் மெல்லிய கம்பி, காறை எலும்பின் கீழுள்ள நாளத்தினூடே இறங்கி, இதயத்தின் வலப்பக்க அறைகளைச் சென்றடைகிறது. பெட்டி பிறப்பிக்கும் மின்துடிப்பை இதயத்துக்குக் கொண்டுசெல்வதும், இதயம் துடிப்பதைப் பெட்டிக்கு அறிவிப்பதும் அதுவே.

முற்றாக உடலினுள்ளே பொருத்தப்பட்ட முதற் பேஸ்மேக்கரை, 1958ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆம் நாள், சுவீடன் நாட்டு ஸ்டொக்ஹோம் நகரில், ஆர்னே லார்சன் என்பவர் பெற்றார். பொருத்தியவர் டொக்டர் ஓக்கே சென்னிங். கருவியை ஆக்கியவர் ரூனே எல்ம்க்விஸ்ட். முதற்கருவி சில மணி நேரமே இயங்கிற்று. ஆயினும், 20இற்கு மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றிப் பெற்ற லார்சன், 2001ஆம் ஆண்டில் 86ஆவது வயதிலேயே காலமானார். பெட்டியை மாற்றுவது எளிது. இதயத்தோடு ஒட்டி வளர்ந்துவிட்ட கம்பியை மாற்றுவதோ அரிது.

ஒரு கம்பியைப் பன்முறை வளைத்தால் அது முறியும் என்பதைச் சிறுவரும் அறிவர். நம் இதயமோ நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் கம்பி அசைகிறது. நாளடைவில் அதன் உட்புறம் முறியலாம், மேலுறை தேயலாம். பொருத்திய முதற் சில வாரங்களில் அதன் நுனி இடம்பெயரலாம். அரிதாக இதயச்சுவரைத் துளைத்தலும் உண்டு. கம்பி செல்லும் நாளம் அடைபட்டுக் கை வீங்கலாம். முக்கூர் வால்வு சரிவர மூடாது போகலாம்.

தாறுமாறான துடிப்பை மின்னதிர்ச்சியால் அடக்கும் டிபிபிரிலேற்றர் கருவியில் இன்னொரு தொல்லையும் உண்டு. முறிந்த கம்பி எழுப்பும் பொய்ச் சைகையை ஆபத்தான துடிப்பென்று கருவி மயங்கி, நலமாக இருப்பவர்க்கே அதிர்ச்சி கொடுத்துவிடும். இத்தகைய முறிவுகளால், மெட்ரோனிக் நிறுவனம் ஸ்பிரின்ற் பிடெலிஸ் என்னும் கம்பியின் விநியோகத்தை 2007ஆம் ஆண்டு ஒக்டோபரில் நிறுத்தியது. அப்போது உலகெங்கும் ஏறத்தாழ 2,68,000 கம்பிகள் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றையெல்லாம் முன்கூட்டியே அகற்றும்படி கூறப்படவில்லை என்பது சிந்திக்கத்தக்கது. பழைய கம்பியை இழுக்கும்போது நாளமோ இதயமோ கிழியக்கூடும். ஆகவே, பழுதுறாத கம்பியை விழிப்போடு கண்காணிப்பதே பலர்க்கு நன்றெனக் கொள்ளப்பட்டது.

கிருமி பற்றினால் மட்டும் இவ்வாறு காத்திருத்தல் ஆகாது. மருந்து மாத்திரம் போதாது. பெட்டியையும் கம்பியையும் ஒருங்கே அகற்றுதல் வேண்டும். தழும்பை லேசர் ஒளியால் விடுவித்துக் கம்பியை எடுக்கும் முறையும் இன்று உண்டு. கம்பியே இல்லாமல், இதயவறையினுள் வைக்கப்படும் சிறு குளிகை போன்ற பேஸ்மேக்கருக்கு அமெரிக்கா 2016ஆம் ஆண்டில் அனுமதி வழங்கியது. எனினும், அது எல்லா நோயாளர்க்கும் பொருந்துவதன்று.

நேயர்களே, இவற்றைக் கேட்டுக் கருவியை அஞ்சவேண்டாம். அது காக்கும் உயிர்கள் மிகப் பல; கம்பியால் இடர்ப்படுவோர் சிலரே. அந்தச் சிலரையும் காப்பது காலமறிந்து செய்யும் செயலாகும். பொருத்திய புதிதில், வைத்தியர் கூறும் வரை அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்தாதீர்கள். குறித்த நாளிற் பரிசோதனைக்குத் தவறாது செல்லுங்கள். கருவியின் மேல் தோல் சிவந்தாலும், புண் கசிந்தாலும், காரணம் தெரியாத காய்ச்சல் வந்தாலும், மயக்கமோ மின்னதிர்ச்சியோ நேர்ந்தாலும், அன்றே வைத்தியசாலைக்கு விரையுங்கள்.

என் நண்பர் பிழைத்தார். பழைய கருவி முழுவதும் அகற்றப்பட்டு, கிருமி நீங்கியபின் மறுபக்க மார்பில் புதியது பொருத்தப்பட்டது. காணவருவோர் யாவரும் இக்கருவியின் மின்கலம் எத்தனை ஆண்டு உழைக்கும் என்றே கேட்கின்றனராம். "கம்பியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லையே!" என்கிறார் அவர். இனி நாமாவது கேட்போம்.