பூட்டிய அறைக்குள் யார்?



1764 டிசம்பரில் லண்டனில் ஒரு சின்ன நாவல் வெளிவந்தது. பெயர் 'தி காஸில் ஆஃப் ஒட்ரான்டோ'. பழைய இத்தாலிய நூல் ஒன்றின் மொழிபெயர்ப்பு என்று முன்னுரை சொன்னது. கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் மேல் யானையளவு இரும்புத் தலைக்கவசம் எங்கிருந்தோ விழுந்து அவனை நசுக்கிவிடுகிறது. சுவரில் மாட்டிய தாத்தாவின் படம் பெருமூச்சு விட்டபடி சட்டத்தைவிட்டு இறங்கி நடக்கிறது. புத்தகம் விற்றுத் தீர்ந்ததும், மறு ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில், எழுதியது தான்தான் என்று ஹொரேஸ் வால்போல் ஒப்புக்கொண்டார். முன்னாள் பிரதமரின் மகன். நாடாளுமன்ற உறுப்பினர் வேறு. அந்தப் பதிப்பில்தான் 'ஒரு கோதிக் கதை' என்று தலைப்போடு சேர்த்துப் போட்டார். ஒரு கதை வகைக்கே அதுதான் பெயராக நிலைத்தது.

தலைக்கவசத்தைப் படித்தால் இன்று சிரிப்புதான் வரும். ஆனால் வால்போல் கட்டிய கோட்டை இடியவில்லை. சுரங்கப்பாதை, தப்பி ஓடும் பெண், துரத்தும் வீட்டுத்தலைவன், பூட்டிய அறை என்று அதிலிருந்து எடுத்தவர்கள் பலர். இன்றைக்கு அந்தப் பூட்டிய அறையை மட்டும் பார்ப்போம்.

1790-ல் ஆன் ராட்கிளிஃப் 'எ சிசிலியன் ரொமான்ஸ்' எழுதினார். மாளிகையின் தெற்குப் பகுதி பல வருடங்களாகப் பூட்டிக் கிடக்கிறது. இரவில் அங்கே விளக்கு நகர்கிறது, முனகல் கேட்கிறது. பேய்தான் என்று வேலைக்காரர்கள் நடுங்குகிறார்கள். கடைசியில் பார்த்தால், செத்துப்போனதாக ஊரை நம்பவைத்த முதல் மனைவி உள்ளே உயிரோடு இருக்கிறாள். இன்னொருத்தியைக் கட்டிக்கொள்வதற்காக, பொய்யாக ஒரு சவ அடக்கமும் நடத்திவிட்டு, கணவனே அவளை அடைத்துவைத்திருக்கிறான். வால்போலின் பயம் மேலேயிருந்து விழுகிறது. ராட்கிளிஃபின் பயம் வீட்டுக்காரரின் இடுப்புச் சாவிக்கொத்தில் தொங்குகிறது. என் கணக்கில், ஆங்கில நாவலுக்குக் கோதிக் கொடுத்த பெரிய கொடை இதுதான்.

இதை முதலில் புரிந்துகொண்டவர், இந்த வகைக் கதைகளைக் கேலி செய்த ஜேன் ஆஸ்டின். 'நார்த்தாங்கர் அபே' நாவலை 1803-ல் பத்து பவுண்டுக்கு ஒரு பதிப்பாளரிடம் விற்றார். அவர் அச்சிடவே இல்லை. ஆஸ்டின் இறந்த பிறகு, 1817-ன் கடைசியில்தான் அது வெளிவந்தது. கோதிக் கதைகளில் ஊறிப்போன பதினேழு வயது கேதரின், விருந்தாளியாகப் போன வீட்டில், ஜெனரல் டில்னி தன் மனைவியைக் கொன்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எங்கோ பூட்டிவைத்து ராத்திரியில் சோறு போடுகிறார் என்று நினைத்துக்கொள்கிறாள். படபடப்போடு அந்த மனைவியின் அறையைத் திறக்கிறாள். சுத்தமான அறை, சன்னல் வழியே பளிச்சென்று வெயில். வெட்கத்தில் கூனிக் குறுகுகிறாள். ஆனால் ஆஸ்டின் அதோடு விடுவதில்லை. இந்தப் பெண் பணக்காரி இல்லை என்று தெரிந்த மறு நிமிடமே, எழுபது மைல் தூரத்தைத் துணைக்கு ஆளில்லாமல் கடந்து ஊர் போகும்படி ஜெனரல் அவளை அனுப்பிவிடுகிறார். கொலைகாரர் இல்லைதான், நல்லவரும் இல்லை.

முப்பது ஆண்டு கழித்து, 1847-ல், ஷார்லட் பிராண்டி அதே அறையை மறுபடியும் பூட்டினார். அவர் ராட்கிளிஃபை அறிந்தவர்தான். 'ஷெர்லி' நாவலில் ஒரு சிறுமி ராட்கிளிஃபின் 'தி இத்தாலியன்' படித்துக்கொண்டிருப்பாள். 'ஜேன் அயர்' கதை நடப்பது சிசிலியில் அல்ல, இங்கிலாந்தின் ஒரு கிராமத்து மாளிகையில். மூன்றாவது மாடியில் ஒரு சிரிப்புச் சத்தம். கதவு திறந்தால் வெளியே வருவது செம்பட்டைத் தலையும் இறுகிய முகமுமாய் ஒரு வேலைக்காரி. பயத்துக்கு வழியில்லாத அந்த முகத்தைப் பார்த்துத்தான் ஜேன் ஏமாந்துபோகிறாள். உண்மையில் உள்ளே இருப்பது எஜமானரின் மனைவி பெர்த்தா. முப்பதாயிரம் பவுண்டு சீரோடு ஜமைக்காவிலிருந்து கட்டிவந்தவள். அன்றைய ஆங்கிலச் சட்டப்படி, தனியாக ஏற்பாடு செய்துகொள்ளாவிட்டால் மனைவியின் பணம் கணவனுடையது. அதைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்தச் சிரிப்பு வேறு மாதிரி கேட்கும்.

1898-ல் ஹென்றி ஜேம்ஸ் எழுதிய 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' கதையில் வரும் ஆசிரியை, இந்த வீட்டிலும் உடால்ஃபோ மாதிரி மர்மம் உண்டோ, புத்தி பேதலித்த உறவினர் யாரையாவது ஒளித்துவைத்திருக்கிறார்களோ என்று யோசிக்கிறாள். உடால்ஃபோ, ராட்கிளிஃபின் கோட்டை. மற்றது 'ஜேன் அயர்'. அதற்குள் கதாபாத்திரங்களே கோதிக் படித்துவிட்டு வேலைக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள்!

பூட்டிய பெண்ணுக்குப் பேசும் வாய்ப்பு வந்தது 1966-ல். கரீபியத் தீவான டொமினிகாவில் பிறந்த ஜீன் ரைஸ், 'வைட் சர்காசோ சீ' நாவலில் பெர்த்தாவின் இளமையைச் சொன்னார். அதில் அவள் பெயர் ஆன்ட்வானெட். பெர்த்தா என்பது கணவன் வைத்த பெயர்.

படித்துப் பார்க்க விரும்பும் நேயர்கள் வால்போலில் தொடங்க வேண்டாம். பத்துப் பக்கத்தில் கொட்டாவி வந்துவிடும். 'ஜேன் அயர்' படித்த கையோடு ரைஸை எடுங்கள். ஆஸ்டினை மட்டும் ராட்கிளிஃபுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், கேலி முழுசாகப் புரியும்.