கடலைக் கெடுப்பவர் யார்?

(கட்சி வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கடலைக் கெடுப்பது ‘மனிதகுலம்’ என்கிறார்கள். வலை வீசும் மீனவரும் கப்பல் முதலாளியும் இக்குற்றத்தில் சம பங்காளிகளா?

2025 மே 25 அன்று, லைபீரியக் கொடி தாங்கிய எம்எஸ்சி எல்சா 3 என்னும் கப்பல் 640 சரக்குப் பெட்டகங்களுடன் கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரக் கடற்கரைகளில் ஒதுங்கின. இலாபம் கப்பல் கம்பெனிக்கு. தொழில் முடக்கம் மீனவருக்கு.

கண்ணுக்குப் புலப்படாத மற்றொரு மாசு இரைச்சல். ஒளி எட்டாத ஆழத்தில் ஒலியே திமிங்கிலத்துக்கு வழிகாட்டி. 2000 மார்ச்சில் பஹாமாஸ் தீவுகளில் 17 கடற்பாலூட்டிகள் கரையொதுங்கின. தன் போர்க்கப்பல்களின் சோனார் ஒலியே அதற்குக் காரணமாயிருக்கக்கூடும் என அமெரிக்கக் கடற்படையே பின்னர் ஒப்புக்கொண்டது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலை அடுத்து, கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கப்பல் போக்குவரத்து குறைந்தது. கடலடி இரைச்சல் 6 டெசிபல் தணிந்தது. அங்கு வாழும் திமிங்கிலங்களின் உடலில் அழுத்த ஹார்மோன்களும் குறைந்தன.

சிதறிய பிளாஸ்டிக்கை முற்றாக அள்ளிவிட முடியாது. இரைச்சலோ எந்திரம் ஓய்ந்தால் ஓயும். எனவே கப்பல்களுக்கு வேகக் கட்டுப்பாடு, கப்பல் உடைமையாளரிடமிருந்து முழு இழப்பீடு ஆகிய கோரிக்கைகளை மீனவர் சங்கங்களோடு இணைந்து முழங்குவோம்.